ஒரு நகல் போதும்!



1992ஆம் ஆண்டு மார்ச் மாதம், இணையத்தின் விதிகளை வகுக்கும் பொறியாளர்கள் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் கூடினார்கள். நேரில் வர முடியாத பலர் மூன்று கண்டங்களில், 20 இடங்களில், கணினி முன்னால் உட்கார்ந்து அந்தக் கூட்டத்தின் பேச்சை அப்போதைக்கு அப்போதே கேட்டார்கள்.

"இதில் என்ன பெரிய விஷயம்? நாங்கள் தினமும் கைப்பேசியில் நேரலை பார்க்கிறோமே" என்று கேட்பீர்கள். ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். தொலைபேசியில் பேசும் குரலை எண்களாக மாற்றினால் வினாடிக்கு 64,000 பிட் வரும். அதை 20 பேருக்கும் தனித்தனியாக அனுப்பினால் 64,000 × 20 = 12,80,000 பிட். அந்தக் காலத்தில் பெரிய தடமாகக் கருதப்பட்ட ‘டி1’ இணைப்பு வினாடிக்கு 15,44,000 பிட்டைத்தான் சுமக்கும். ஒரே ஒரு பேச்சுக்கே தடத்தின் பெரும்பகுதி போய்விடும். கேட்பவர்கள் 25 பேர் ஆனால் தடத்தில் இடமே போதாது.

அப்படியானால் 20 இடங்களுக்கும் குரல் எப்படிப் போனது? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். அதோடு, ஒரு பெரிய வலையில் இப்படிப்பட்ட வேலையைத் தொடங்குமுன் பொறியாளர்கள் அதை எப்படிக் கணினிக்குள் ஓட்டிப் பார்க்கிறார்கள் என்பதையும் நாமே பென்சிலும் தாளும் வைத்துச் செய்து பார்க்கலாம். எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிரியும் இடத்தில் நகல்

உங்கள் பள்ளியில் தலைமையாசிரியர் ஒரு சுற்றறிக்கை அனுப்புகிறார். மூன்று மாடி, 24 வகுப்பு. அவரே 24 தாள் எழுதி, உதவியாளரை 24 முறை படியேற விடலாம். அல்லது மாடிக்கு ஒரு தாள் அனுப்பி, அங்கே நகல் எடுத்து வகுப்புகளுக்குக் கொடுக்கச் சொல்லலாம். இரண்டாவது முறையில் எந்த மாடிக்கும் ஒரு தாளுக்கு மேல் போவதில்லை. எங்கே வழி பிரிகிறதோ அங்கேதான் நகல் பிறக்கிறது.

இணையத்தில் இந்த முறைக்கு ‘மல்டிகாஸ்ட்’ என்று பெயர். ஒருவருக்கு ஒரு நகல் என்று தனித்தனியே அனுப்புவது ‘யூனிகாஸ்ட்’. மல்டிகாஸ்ட் முறையை ஒழுங்காக வகுத்துக் கொடுத்தவர் ஸ்டீவ் டீரிங். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது இதில் இறங்கினார். 1989 ஆகஸ்டில் வெளியான அவருடைய விதிமுறைதான் இன்றும் இதற்கு அடிப்படை.

டீரிங்கின் யோசனையில் ஓர் அழகு இருக்கிறது. சாதாரணமாக ஓர் இணைய முகவரி ஒரு கணினியைக் குறிக்கும். அவரோ சில முகவரிகளைக் ‘குழு’வுக்கென்று ஒதுக்கினார். 224 முதல் 239 வரையுள்ள எண்ணில் தொடங்கும் முகவரிகள் எல்லாம் குழு முகவரிகள். மொத்தம் 26,84,35,456 முகவரிகள். அனுப்புகிறவர் குழுவின் முகவரிக்கு ஒரே ஒரு நகல் அனுப்புவார். யார் யார் கேட்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. கேட்க விரும்புகிறவர் தன் பக்கத்திலுள்ள ரவுட்டரிடம் "என்னையும் சேர்த்துக்கொள்" என்று ஒரு செய்தி அனுப்பினால் போதும். தரவுப் பொட்டலத்தை, அதாவது தரவின் சிறு துண்டை, எந்தப் பக்கம் அனுப்புவது என்று முடிவு செய்யும் கருவிதான் ரவுட்டர். இந்தச் செய்தி ரவுட்டர் விட்டு ரவுட்டராக மேலே போய், ஏற்கெனவே குழுவின் தரவு ஓடிக்கொண்டிருக்கும் இடத்தைத் தொட்டதும் அங்கிருந்து ஒரு புதிய கிளை பிரியும்.

இப்படி உருவாகும் வடிவத்துக்கு மரம் என்று பெயர். அனுப்புகிறவர் வேர். கேட்கிறவர்கள் இலைகள். நகல் எடுக்கப்படும் ரவுட்டர்கள் கிளை பிரியும் இடங்கள்.

1992 கூட்டத்துக்குப் பிறகு இந்த முறையைப் பயன்படுத்தும் வலை வேகமாக வளர்ந்தது. ‘எம்போன்’ என்று அதை அழைத்தார்கள். 1994 நவம்பர் 18 அன்று டல்லஸ் நகரில் ‘ரோலிங் ஸ்டோன்ஸ்’ இசைக்குழு நடத்திய கச்சேரியின் ஒரு பகுதி அந்த வலை வழியாக உலகுக்குப் போனது.

சிறு எண்ணில் பெரிய வேகம்

மல்டிகாஸ்டைப் புரிந்துகொண்டோம். இப்போது நாட்டின் பெரிய நகரங்களை இணைக்கும் முதுகெலும்பு வலைக்குள் போவோம். அங்கே இன்னொரு சாமர்த்தியம் நடக்கிறது.

சாதாரண ரவுட்டர் ஒவ்வொரு பொட்டலத்திலும் உள்ள முகவரியைப் பார்க்கிறது. தன் பட்டியலில் அந்த முகவரியோடு அதிக நீளத்துக்குப் பொருந்தும் வரியைத் தேடுகிறது. பெரிய வலையில் இந்தப் பட்டியலில் லட்சக்கணக்கான வரிகள் இருக்கும். வழியிலுள்ள ஒவ்வொரு ரவுட்டரும் இதே தேடலைத் திரும்பத் திரும்பச் செய்கிறது.

1990களின் நடுவில் பொறியாளர்கள் யோசித்தார்கள்: பொட்டலம் வலைக்குள் நுழையும்போதே அதன் வழியைத் தீர்மானித்து, ஒரு சிறு எண்ணை அதன் மேல் ஒட்டிவிட்டால் என்ன? அந்த எண்தான் ‘லேபிள்’. உள்ளே இருக்கும் ரவுட்டர்கள் முகவரியைப் படிப்பதில்லை. லேபிளைப் படிக்கும். தன் அட்டவணையில் அந்த எண்ணுக்கு நேராக என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கும். பழைய லேபிளை எடுத்துவிட்டுப் புதிய லேபிளை ஒட்டி, உரிய பக்கம் தள்ளிவிடும். வலையை விட்டு வெளியேறும் இடத்தில் லேபிள் கழற்றப்படும். இந்த முறைக்கு எம்.பி.எல்.எஸ். என்று பெயர். இதன் அடிப்படை விதிமுறை 2001 ஜனவரியில் வெளியானது.

லேபிள் பகுதி மொத்தம் 32 பிட். அதில் எண்ணுக்கு 20 பிட். ஆகவே 10,48,576 எண்கள் கிடைக்கும். முதல் 16 எண்கள் தனி வேலைகளுக்கு ஒதுக்கப்பட்டவை. மீதமுள்ள 12 பிட்டில் 3 பிட் பொட்டலத்தின் முக்கியத்துவத்தைச் சொல்லும். 1 பிட், இதற்குக் கீழே இன்னொரு லேபிள் இருக்கிறதா இல்லையா என்று சொல்லும். 8 பிட், பொட்டலம் இன்னும் எத்தனை ரவுட்டர்களைக் கடக்கலாம் என்று எண்ணும். ஒவ்வொரு ரவுட்டரிலும் அந்த எண்ணிக்கை ஒன்று குறையும். பூஜ்யம் ஆனால் பொட்டலம் தூக்கி எறியப்படும். வழி தவறிய பொட்டலம் காலமெல்லாம் வலைக்குள் சுற்றாமல் இருக்க இந்த ஏற்பாடு.

லேபிளுக்கு எந்த எண் என்பதை யார் முடிவு செய்வது? பொட்டலத்தை வாங்கிக்கொள்ளப் போகிற ரவுட்டர்தான் தன் முந்திய ரவுட்டரிடம் "எனக்கு அனுப்பும்போது இந்த எண்ணை ஒட்டு" என்று முன்கூட்டியே சொல்லிவைக்கும். அதனால் ஒவ்வோர் இணைப்பிலும் லேபிள் எண் மாறிக்கொண்டே போகும்.

லேபிள் வழி தொடக்கத்தில் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும் ஒற்றை வழியாகத்தான் இருந்தது. அதை மரமாக்கும் விதிமுறைகள் பின்னால் வந்தன. 2007இல் வந்த முறையில் வேர் முன்கை எடுக்கிறது. எந்த வழியாக மரம் போக வேண்டும் என்று வேரே தீர்மானித்து இடத்தையும் ஒதுக்கிக்கொள்ளலாம். 2011இல் வந்த முறையில் இலைகள் தொடங்குகின்றன. ஒவ்வோர் இலையும் வேரை நோக்கிப் போய், வழியில் மரம் தட்டுப்பட்டதும் அதோடு ஒட்டிக்கொள்கிறது.

11 நகரங்கள், 14 இணைப்புகள்

இனி நம் வேலை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை இணைக்க 1999இல் ‘அபிலீன்’ என்ற முதுகெலும்பு வலை தொடங்கப்பட்டது. உலகெங்கும் வலை ஆராய்ச்சி செய்கிறவர்கள் சோதனைக்கு அடிக்கடி எடுத்துக்கொள்ளும் வரைபடங்களில் அதுவும் ஒன்று. நாமும் அதையே எடுத்துக்கொள்வோம். அந்த வரைபடத்தின் மேல் லேபிள் மரத்தை ஓட்டிப் பார்ப்பது நம்முடைய பாவனை.

தாளின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாகச் சியாட்டில், சன்னிவேல், லாஸ் ஏஞ்சலிஸ் என்று மூன்று புள்ளி வையுங்கள். வலது ஓரத்தில் நியூயார்க், அதற்குக் கீழே வாஷிங்டன். நடுவே இடமிருந்து வலமாக டென்வர், கான்சாஸ் சிட்டி, இண்டியானாபொலிஸ். இண்டியானாபொலிசுக்கு மேலே சிகாகோ. கீழ்ப்பகுதியில் ஹூஸ்டன், அதற்கு வலப்பக்கம் அட்லாண்டா.

இப்போது கோடுகள். சியாட்டில் – சன்னிவேல், சியாட்டில் – டென்வர், சன்னிவேல் – லாஸ் ஏஞ்சலிஸ், சன்னிவேல் – டென்வர், லாஸ் ஏஞ்சலிஸ் – ஹூஸ்டன், டென்வர் – கான்சாஸ் சிட்டி, கான்சாஸ் சிட்டி – ஹூஸ்டன், கான்சாஸ் சிட்டி – இண்டியானாபொலிஸ், ஹூஸ்டன் – அட்லாண்டா, இண்டியானாபொலிஸ் – சிகாகோ, இண்டியானாபொலிஸ் – அட்லாண்டா, சிகாகோ – நியூயார்க், அட்லாண்டா – வாஷிங்டன், நியூயார்க் – வாஷிங்டன். எண்ணிப் பாருங்கள், 14 வரும்.

நியூயார்க்கில் ஒரு வீடியோ. அதைச் சியாட்டில், சன்னிவேல், லாஸ் ஏஞ்சலிஸ், ஹூஸ்டன் ஆகிய நான்கு ஊர்களில் பார்க்க வேண்டும்.

முதல் சோதனை, யூனிகாஸ்ட். நான்கு நகல்கள் தனித்தனியே, குறைந்த இணைப்புகள் உள்ள வழியில் போகட்டும். சியாட்டிலுக்குச் சிகாகோ, இண்டியானாபொலிஸ், கான்சாஸ் சிட்டி, டென்வர் வழியாக 5 இணைப்பு. சன்னிவேலுக்கும் டென்வர் வழியாக 5. லாஸ் ஏஞ்சலிசுக்கு வாஷிங்டன், அட்லாண்டா, ஹூஸ்டன் வழியாக 4. ஹூஸ்டனுக்கு 3. மொத்தம் 17 இணைப்புப் பயணம்.

இரண்டாம் சோதனை, அதே வழிகளில் மரம். நியூயார்க்கிலேயே இரண்டு கிளை. வடக்குக் கிளை டென்வர் வரை ஒரே நகலாகப் போய், அங்கே சியாட்டிலுக்கும் சன்னிவேலுக்கும் பிரிகிறது. அது 6 இணைப்பு. தெற்குக் கிளை வாஷிங்டன், அட்லாண்டா வழியாக ஹூஸ்டன் வந்து, அங்கே ஒரு நகலைக் கொடுத்துவிட்டு லாஸ் ஏஞ்சலிசுக்குப் போகிறது. அது 4 இணைப்பு. மொத்தம் 10. பதினேழு பத்தாகிவிட்டது!

இந்த மரத்தில் டென்வரின் அட்டவணையைப் பார்ப்போம். சியாட்டில் டென்வரிடம் "எனக்கு 31 ஒட்டு" என்கிறது. சன்னிவேல் "எனக்கு 45" என்கிறது. டென்வர் கான்சாஸ் சிட்டியிடம் "எனக்கு 24" என்று சொல்லி வைத்திருக்கிறது. ஆகவே டென்வரின் அட்டவணையில் ஒரே வரி: "24 வந்தால் இரண்டாக நகலெடு, ஒன்றில் 31 ஒட்டிச் சியாட்டில் பக்கம் தள்ளு, மற்றதில் 45 ஒட்டிச் சன்னிவேல் பக்கம் தள்ளு." லேபிள் வலையில் மல்டிகாஸ்ட் என்பது இவ்வளவுதான்.

மூன்றாம் சோதனைக்கு முன் கொஞ்சம் நிறுத்துங்கள். பத்துக்கும் குறைவான இணைப்புகளில் நான்கு ஊர்களையும் தொட முடியுமா? வரைபடத்தை நன்றாகப் பாருங்கள்.

முடியும். நியூயார்க், வாஷிங்டன், அட்லாண்டா, ஹூஸ்டன், லாஸ் ஏஞ்சலிஸ், சன்னிவேல், சியாட்டில் என்று ஒரே சங்கிலியாகப் போனால் 6 இணைப்பு போதும்! இதைவிடக் குறைக்கவே முடியாது.

கடிகாரம் தாவும் உலகம்

பதினேழு, பத்து, ஆறு. ஆறுதான் சிறந்தது என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடலாமா? அவசரப்பட வேண்டாம். இணைப்பை மட்டும்தான் எண்ணியிருக்கிறோம். பொட்டலங்களை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். உண்மையான வலையில் இந்தச் சோதனையைச் செய்தால், ஏற்கெனவே அதைப் பயன்படுத்துகிறவர்கள் பாதிக்கப்படுவார்கள். அதனால்தான் கணினிக்குள் ஒரு பாவனை வலையை உருவாக்கி ஓட்டுகிறார்கள். அதுதான் சிமுலேஷன்.

அந்தப் பாவனை உலகில் நேரம் நம் கடிகாரம் போல ஓடாது. கணினி ஒரு நிகழ்ச்சிப் பட்டியல் வைத்திருக்கும். எந்த நிகழ்ச்சி முதலில் நடக்க வேண்டுமோ அதை எடுக்கும். கடிகாரத்தை நேராக அந்த நேரத்துக்குத் தள்ளும். அந்த நிகழ்ச்சியால் பிறக்கும் புதிய நிகழ்ச்சிகளைப் பட்டியலில் சேர்க்கும். பிறகு அடுத்தது. நடுவில் எதுவும் நடக்காத நேரத்தை அது தாண்டிப் போய்விடும்.

செய்து பார்ப்போம். கணக்கு எளிதாக இருக்க ஒவ்வோர் இணைப்பும் வினாடிக்கு 1 கோடி பிட் சுமக்கும் என்று வைப்போம். ஒரு பொட்டலம் 10,000 பிட். ஆகவே ஒரு பொட்டலத்தை இணைப்பில் ஏற்ற 1 மில்லிவினாடி, அதாவது வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆகும். கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். எனவே 200 கிலோமீட்டருக்கு 1 மில்லிவினாடி. தூரத்துக்கு நகரங்களுக்கு இடையிலான நேர்த் தூரத்தையே எடுத்துக்கொள்வோம்.

வீடியோ வினாடிக்கு 60 லட்சம் பிட். அதாவது வினாடிக்கு 600 பொட்டலம். பத்து இணைப்பு மரத்தை ஓட்டுகிறோம். நேரத்தை மில்லிவினாடியில் எண்ணுவோம். நேரம் 0: நியூயார்க்கில் முதல் பொட்டலம் இரண்டு பக்கமும் ஏறத் தொடங்குகிறது. நேரம் 1: ஏறி முடிந்தது. நேரம் 1.67: அடுத்த பொட்டலம் தயார். நேரம் 2.65: முதல் பொட்டலம் சுமார் 330 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வாஷிங்டனை அடைகிறது. நேரம் 6.7: அதன் இன்னொரு நகல் சிகாகோவைத் தொடுகிறது. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் 10 இணைப்பில் ஏறுதல், சேர்தல் என 20 நிகழ்ச்சி. 600 பொட்டலத்துக்கு 12,000. பாவனை வலையில் ஒரு வினாடி ஓட, கணினி இத்தனை நிகழ்ச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் செய்கிறது.

இப்போது யூனிகாஸ்டை ஓட்டுங்கள். நியூயார்க் – சிகாகோ இணைப்பில் சியாட்டிலுக்கு ஒன்று, சன்னிவேலுக்கு ஒன்று என்று இரண்டு நகல். வினாடிக்கு 1,200 பொட்டலம் வருகிறது. இணைப்போ 1,000 பொட்டலம்தான் சுமக்கும். மிச்சம் 200 வரிசையில் காத்திருக்க வேண்டும். ரவுட்டரின் வரிசையில் 50 பொட்டலத்துக்கு இடம் இருந்தால், அது கால் வினாடியில் நிறைந்துவிடும். அதன் பிறகு ஆறில் ஒரு பொட்டலம் தொலையும். வீடியோ துண்டுதுண்டாக உடையும். மரத்தில் இந்தப் பிரச்சினையே இல்லை. எந்த இணைப்பிலும் ஒரே நகல், வினாடிக்கு 600 பொட்டலம், இன்னும் 400க்கு இடம் பாக்கி.

எது சிறந்த மரம்?

ஆறு இணைப்புச் சங்கிலிக்கு வருவோம். சியாட்டிலுக்கு வடக்கு வழி சுமார் 4,700 கிலோமீட்டர், 5 இணைப்பு. மொத்தம் சுமார் 28 மில்லிவினாடி. சங்கிலி வழி சுமார் 6,200 கிலோமீட்டர், 6 இணைப்பு. சுமார் 37 மில்லிவினாடி. சினிமா பார்க்கிறவருக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. பங்குச்சந்தை விலைகளுக்காகக் காத்திருக்கும் கணினிக்கோ இது மிகப் பெரிய தாமதம்.

அடுத்த சோதனை: நியூயார்க் – வாஷிங்டன் இழை அறுந்துவிட்டது என்று வையுங்கள். சங்கிலியில் நான்கு ஊரும் இருளில் மூழ்கும். பத்து இணைப்பு மரத்தில் ஹூஸ்டனும் லாஸ் ஏஞ்சலிசும்தான் பாதிக்கப்படும். மற்ற இரண்டு ஊர்களும் தொடர்ந்து பார்க்கும்.

இழை அறுந்தால் உடனே மாற்று வழிக்குத் திருப்பவும் லேபிள் வலையில் ஏற்பாடு உண்டு. 2005இல் வகுத்த முறை அது. மாற்று வழியை முன்கூட்டியே தயாராக வைத்திருப்பதால் சில பத்து மில்லிவினாடியில் திருப்பிவிடலாம். பத்து இணைப்பு மரத்தில் டென்வர் – சியாட்டில் இழையை அறுத்துப் பார்ப்போம். டென்வர், சியாட்டில் எதிர்பார்க்கும் 31 என்ற லேபிளை வழக்கம்போல ஒட்டும். அதன் மேல் மாற்று வழிக்கான இன்னொரு லேபிளை ஒட்டிச் சன்னிவேல் பக்கம் தள்ளும். சன்னிவேல் மேல் லேபிளைக் கழற்றிச் சியாட்டிலுக்கு அனுப்பும். சியாட்டிலுக்குத் தான் கேட்ட 31 வந்து சேரும். வந்த லேபிளை மட்டும் பார்த்தால் இழை அறுந்ததே தெரியாது.

எல்லாம் நன்றாக இருக்கிறது அல்லவா? இப்போது டென்வர் – சன்னிவேல் இணைப்பை மட்டும் உற்றுப் பாருங்கள். சன்னிவேலுக்கு உரிய நகல் ஒன்று, சியாட்டிலுக்கு உரிய நகல் ஒன்று. ஒரே வீடியோவின் இரண்டு நகல்கள் ஒரே இணைப்பில்! வினாடிக்கு 1,200 பொட்டலம். கால் வினாடியில் வரிசை நிறைந்துவிடும். இரண்டு ஊரின் பொட்டலங்களும் ஒரே வரிசையில் நிற்பதால், சியாட்டிலைக் காப்பாற்றப் போய், எந்தக் குறையும் இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்த சன்னிவேலின் வீடியோவும் உடையத் தொடங்கும்.

தப்பிக்க வழி ஒன்றுதான். அந்தக் கால் வினாடிக்குள் மரத்தைத் திருத்தி அமைக்க வேண்டும். டென்வரிலிருந்து ஒரே நகல் போகட்டும். சன்னிவேலே நகலெடுத்துச் சியாட்டிலுக்குக் கொடுக்கட்டும். வரிசையில் இடத்தை முன்பே கூட்டி வைத்தால், திருத்த இன்னும் கொஞ்சம் நேரம் கிடைக்கும், அவ்வளவுதான். 17, 10, 6 என்று எண்ணிக்கொண்டே இருந்திருந்தால் இந்த ஆபத்து நம் கண்ணில் பட்டிருக்காது. ஓட்டிப் பார்த்ததால்தான் பட்டது. சிமுலேஷனின் மதிப்பு இங்கேதான் இருக்கிறது.

மரத்தைத் தேடும் கணக்கு

குறைந்த இணைப்புகள் உள்ள மரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? 14 இணைப்பில் ஒவ்வொன்றையும் எடுக்கலாம், விடலாம். ஆக 16,384 விதம். கணினி ஒரு நொடியில் எல்லாவற்றையும் பார்த்துவிடும். ஆனால் 100 இணைப்புள்ள வலையில் விதங்களின் எண்ணிக்கை 31 இலக்க எண்! ஒவ்வொன்றாகப் பார்ப்பது எந்தக் கணினியாலும் ஆகாது.

சுவிஸ் கணித மேதை யாக்கோப் ஸ்டைனர் பெயரால் இதை ‘ஸ்டைனர் மரக் கணக்கு’ என்கிறார்கள். 1972இல் ரிச்சர்ட் கார்ப் என்ற அமெரிக்க அறிஞர் மிகக் கடினமான 21 கணக்குகளைப் பட்டியலிட்டார். அதில் இதுவும் ஒன்று. எப்போதும் மிகச் சரியான விடையைத் தரும், பெரிய வலைகளுக்கும் வேகமாக ஓடும் ஒரு முறை இன்றுவரை யாருக்கும் கிடைக்கவில்லை.

அதனால் ஏறக்குறைய நல்ல விடை தரும் எளிய முறைகளைப் பயன்படுத்துகிறார்கள். 1980இல் ஜப்பானியர்களான தகாஹாஷியும் மட்சுயாமாவும் சொன்ன முறையை நீங்களே செய்யலாம். வேரிலிருந்து தொடங்குங்கள். மரத்துக்கு மிக அருகில் இருக்கும் இலையை முதலில் இணையுங்கள். பிறகு அந்த மரத்தின் எந்த இடத்திலிருந்தாவது மிக அருகில் இருக்கும் அடுத்த இலையை இணையுங்கள். நம் கணக்கில் முதலில் ஹூஸ்டன், அங்கிருந்து லாஸ் ஏஞ்சலிஸ், சன்னிவேல், சியாட்டில். நேராக ஆறு இணைப்புச் சங்கிலி வந்துவிடுகிறது! எல்லா வலையிலும் இவ்வளவு கச்சிதமாக அமையாது. ஆனால் அதன் விடை, மிகச் சிறந்த விடையின் இரண்டு மடங்கைத் தாண்டாது என்பது நிரூபிக்கப்பட்ட உண்மை.

கணினிக்குள் வலை

இத்தகைய சோதனைகளுக்கென்றே மென்பொருள்கள் உண்டு. 1980களின் இறுதியில் அமெரிக்காவின் பெர்க்லியில் படித்துக்கொண்டிருந்த எஸ். கேசவ் ‘ரியல்’ என்ற வலைச் சிமுலேட்டரை எழுதினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் ‘என்.எஸ்.’ என்ற புகழ்பெற்ற சிமுலேட்டர். அதன் இரண்டாம் தலைமுறையான என்.எஸ்-2இல், தென்கொரியாவின் சுங்னாம் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லேபிள் வலையை ஓட்டும் பகுதியைச் சேர்த்தார்கள். லேபிள் வலையில் மல்டிகாஸ்ட் எப்படி நடக்கும் என்று பார்க்க விரும்பியவர்களுக்கு அது பெரிய உதவி. 2008இல் முற்றிலும் புதிதாக எழுதப்பட்ட என்.எஸ்-3 வந்தது. அதை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிப் பயன்படுத்தலாம், உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கலாம், திருத்தலாம்.

சிமுலேஷன் சொல்வதை அப்படியே நம்பிவிடலாமா? கூடாது. இதற்கும் நேர்மையான விதிகள் உண்டு. முதலில், விடை தெரிந்த சின்னக் கணக்கைக் கொடுத்து அது சரியாகச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். நாம் கையால் போட்ட 2.65 மில்லிவினாடியும் கணினி சொல்வதும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டாவது, உண்மை வலையில் போக்குவரத்து ஒரே சீராக இராது. அதனால் தற்செயல் எண்களைக் கலப்பார்கள். அப்போது ஒரே ஓட்டத்தை வைத்து முடிவு சொல்லக் கூடாது. வெவ்வேறு தற்செயல் எண்களுடன் பல முறை ஓட்டிச் சராசரி எடுக்க வேண்டும். மூன்றாவது, எதை எதை விட்டுவிட்டோம் என்று வெளிப்படையாக எழுத வேண்டும். நாம் நேர்த் தூரத்தை எடுத்தோம். உண்மையில் இழை சாலைகளையும் தண்டவாளங்களையும் ஒட்டி வளைந்து போகும். ஆகவே உண்மைத் தாமதம் நம் கணக்கைவிடக் கூடுதலாக இருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கைப்பேசியில் ஓடும் யூடியூப் போன்ற பொது இணைய வீடியோக்கள் இன்றும் யூனிகாஸ்டாகத்தான் வருகின்றன. பல நிறுவனங்களின் வலைகளைத் தாண்டி ஒரே மரத்தை வளர்ப்பது கடினம் என்பதால், உங்கள் ஊருக்கு அருகிலேயே நகல்களைச் சேமித்து வைத்து அனுப்புகிறார்கள். ஒரே நிறுவனத்தின் வலைக்குள் ஓடும் இணையத் தொலைக்காட்சிச் சேனல்களிலும், பங்குச்சந்தை விலைகளைப் பரப்புவதிலும் மல்டிகாஸ்ட் தினமும் வேலை செய்கிறது. மும்பையிலுள்ள தேசியப் பங்குச்சந்தையும் தன் விலைத் தகவல்களை இந்த முறையில் அனுப்புகிறது.

உங்களுக்கு ஒரு வேலை

அதே வரைபடத்தை எடுங்கள். இந்த முறை வேர் சிகாகோ. இலைகள் சியாட்டில், லாஸ் ஏஞ்சலிஸ், அட்லாண்டா. யூனிகாஸ்டில் 10 இணைப்புப் பயணம் வரும். குறுகிய வழிகளைச் சேர்த்து மரம் போட்டால் 7 வரும். 6 இணைப்பில் முடிக்கவும் வழி உண்டு. அதைக் கண்டுபிடியுங்கள். பிறகு ஒவ்வோர் இணைப்பாக அறுத்து, எந்தெந்த ஊர் இருளும் என்று அட்டவணை போடுங்கள். உங்கள் நண்பரின் மரமும் உங்கள் மரமும் வேறாக இருந்தால், எது நல்லது என்று வாதாடாதீர்கள். முதலில் "எதற்கு நல்லது?" என்று கேளுங்கள்: இடத்தை மிச்சப்படுத்தவா, சீக்கிரம் சேரவா, அறுந்தாலும் தாங்கவா? கேள்வியைத் தெளிவாக்கிவிட்டு, இரண்டையும் ஓட்டிப் பாருங்கள்.

சோதித்துப் பார்க்காமல் எதையும் சிறந்தது என்று சொல்லாதீர்கள். ஒரு தாளும் ஒரு பென்சிலும் இருந்தால் இன்றே தொடங்கலாம்.